பந்தைக் கொடுத்துவிட்டு நடந்தவள்

இரண்டு வருடங்களுக்கு முன், செப்டம்பர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தெற்கு லண்டனில் ஒரு பொது மைதானத்தில் நடந்தது இது. அன்று நடந்ததைச் சொல்வதென்றால், அதற்கு முன் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதை மறைத்தால் கதை பாதிதான்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஒல்லாந்தில், அதுதான் நெதர்லாந்தில், பதினான்கு வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்து கோலியர்ஸ் வுட்டில் குடியேறினோம். எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. எங்கள் சொந்தக்காரர் எல்லோருக்கும் கிரிக்கெட் என்றால் உயிர். என் மகள் மட்டும் ஒல்லாந்துப் பள்ளியில் பழகிய சொஃப்ட்போலை விடவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இது பேஸ்போலின் தங்கச்சி. பந்து கொஞ்சம் பெரிது, மைதானம் கொஞ்சம் சிறிது. பந்து எறிகிறவளைப் பிட்சர் என்பார்கள். நடுவில் ஒரு வட்டத்துக்குள் நின்று, கையை முழுவதாக ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பளவில் இருந்து எறிவாள். அடிக்கிறவளுக்குப் பின்னால் முகத்துக்குக் கம்பிக்கூடு போட்டுக் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள் கேட்சர். என் மகள் கேட்சர்.

அவள் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல்நாள் ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். நானும் என் மச்சாளும் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனோம். மகள் மட்டையோடு நிற்கிறாள். எதிரே ஒல்லியாய், நெட்டையாய், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி பந்து எறிகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. மகளின் மட்டை காற்றைத்தான் அடித்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், சுற்றி நிற்கும் ஒருவருக்கும் விளங்காது என்ற தைரியத்தில், வாயைத் திறந்தேன்.

"மச்சாள், உந்த நெட்டைக் கொக்கைப் பாருங்கோ. கையைச் சுழட்டுற சுழட்டிலை தானே பறந்து போகப்போகுது."

தண்ணீர் குடிக்க எங்கள் பக்கமாய் வந்த அந்தப் பெண் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"கொக்கு இன்னும் ரெண்டு பேருக்குப் பந்து போடணும் ஆன்ட்டி. அப்புறமா பறக்குறேன்."

நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மச்சாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்தப் பெண் மலேசியாக்காரி, ஈப்போவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மனோர் பார்க்கில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிறு தோறும் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடிக்கு ரயில் மாறி மாறி வருவாள்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் அவளே என்னிடம் வந்து, "பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவள் நான் பொரித்துக்கொண்டு போன மீன் ரோல்ஸ் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

அடுத்த மூன்று வருடமும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மைதானத்தில்தான் கழிந்தன. என்னைப் போல நிரந்தரமாக வந்து பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் முக்கியமானவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு ஜமேக்காக்காரர். என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். மனைவி இறந்த பிறகு வீட்டை விட்டே வெளியில் வராமல் இருந்த மனிதர். இந்தப் பிள்ளைதான் சனிக்கிழமை தோறும் அவருக்கு போன் எடுத்து, நாளைக்கு இரண்டு மணிக்கு ஆட்டம், நீங்கள் வராவிட்டால் நான் யாரைப் பார்த்து எறிவது என்று கேட்டுக் கேட்டே அவரை வெளியில் கொண்டு வந்தாளாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

மைதானத்திலும் அவள் அப்படித்தான். அவள் எறிந்த பந்தில் எவளாவது சுலபமான பிடியை நழுவ விட்டால், மற்றக் குழுக்களில் பிட்சர் முறைப்பாள். இவள் திரும்பி, தன் நெஞ்சில் இரண்டு தரம் தட்டிக் காட்டுவாள். பிழை என்னுடையது என்று அர்த்தம். அவளுடைய பந்து எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் மேல் பட்டுவிட்டால், ஆட்டம் முடிந்ததும் ஐஸ் பையோடு அவளைத் தேடிப் போவாள். எதிர்க்குழுப் பெண்கள் கூட அவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது வருடம் ஜூலை மாதம், அவள் வேலை செய்த நிறுவனம் லண்டன் கிளையை மூடிவிட்டது. அவளுக்கு விசா கொடுத்திருந்தது அந்த நிறுவனம்தான். இரண்டு மாதத்துக்குள் விசா கொடுக்கக்கூடிய வேறு ஒரு வேலை கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போகவேண்டும். எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டவர்களும் விசா என்றதும் பின்வாங்கினார்கள்.

எங்களுக்கு விஷயம் தெரிந்ததும் மைதானமே ஆலோசனைச் சபையாகிவிட்டது. குழுவின் பயிற்சியாளர் கனடாக்காரப் பெண்மணி, யார் யாருக்கோ கடிதம் எழுதினா. பஸ்காரர் தன் பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தார். நான் பெட்ரோல் ஷெட் வைத்திருக்கிற சித்தப்பா மகனில் இருந்து பல் வைத்தியரான மருமகள் வரைக்கும் கேட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அப்போதுதான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. என் தங்கையின் மகனுக்கு முப்பத்திரண்டு வயது. பிரான்சில் பிறந்து, சின்ன வயதில் லண்டனுக்கு வந்தவன். பிளம்பிங் தொழில், சொந்த வான், பிரிட்டிஷ் பாஸ்போட். நல்ல பிள்ளை. இவளும் நல்ல பிள்ளை. கலியாணத்தைக் கட்டினால் ஒரேயடியாய் எல்லாப் பிரச்சினையும் முடிந்துவிடும் அல்லவா?

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், "பிள்ளை, வீட்டை வாருமன், ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டுப் போகலாம்" என்று அவளைக் கூப்பிட்டேன். நண்டுக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய் எல்லாம் சமைத்தேன். அவள் மல்லிகைப்பூப் போட்ட சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, கையில் ஒரு பூச்செடியோடு, சிரித்துக்கொண்டு வந்தாள். வரவேற்பறையில் தங்கை மகன் புதுச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு இருந்தான். பக்கத்தில் என் தங்கை. மேசையில் பழத்தட்டு.

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. சிரிப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அவள் அங்கே இல்லை. எல்லாக் கேள்விக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். போட்ட சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கூடப் போனேன். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆன்ட்டி, இன்னைக்கு சும்மா ஒரு சாப்பாடுன்னு நினைச்சுத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தால் தங்கை மகன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்றான். "பெரியம்மா, அந்தப் பிள்ளைக்கு என்னைப் பிடிக்காட்டிப் பரவாயில்லை. ஆனா என்னை ஒரு விசா ஸ்டாம்ப் மாதிரி இருத்தி வச்சிட்டியளே" என்றான்.

பின்னேரம் மகளுக்கு விஷயம் தெரிந்தது. "அம்மா, அவ உங்களிட்டை மாப்பிள்ளை கேட்டவவோ? பிச்சை போடுற மாதிரி இருந்திருக்கும் அவவுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

இதைப் படிக்கிறவர்கள், அன்றைக்கே நான் அந்தப் பிள்ளைக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்குக் கோபம் வந்தது. நல்லது செய்யப்போய்க் கெட்ட பெயர் வாங்கிவிட்டேனே என்ற கோபம். நாங்களும் தான் அகதியாய் வந்தோம், கிடைத்த வழியைப் பிடித்துத்தானே மேலே வந்தோம், இவளுக்கு மட்டும் என்ன என்று மனதுக்குள் வாதாடினேன். அடுத்த மூன்று ஞாயிறும் மைதானத்துக்குப் போகவில்லை. முழங்கால் நோகுது என்றேன். கணவர் நம்பவில்லை.

இதற்குள் வேலை கிடைக்காமல், அவள் போவது உறுதியாகிவிட்டது. புதன்கிழமை விமானம். அதற்கு முந்திய ஞாயிறு பருவத்தின் கடைசி ஆட்டம், அவளுக்கும் கடைசி ஆட்டம். காலையில் மகள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் கணவர், "இஞ்சாரும், கோட்டைப் போடும், நான் கொண்டுபோய் இறக்கிவிடுறன்" என்றார். அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி எழும்பினேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக ரோல்ஸ் பெட்டி இல்லாமல், வெறுங்கையோடு மைதானத்துக்குப் போனேன்.

எங்கள் பக்கம் போக முகமில்லை. எதிர்க்குழுவின் ஆட்கள் நிற்கிற பக்கம், ஒரு மரத்தோடு ஒட்டி நின்றேன். அன்று வழமையைவிடக் கூட்டம். பழைய ஆட்டக்காரிகள், பிள்ளை குட்டிகளோடு அவர்களின் குடும்பங்கள், நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று நூறு பேருக்கு மேல் இருக்கும். அவள் வட்டத்துக்குள் நின்று எறிந்துகொண்டிருந்தாள். தூரத்தில் இருந்து பார்க்கும்போது அவள் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பஸ்காரர் மைதானத்தைச் சுற்றி மெதுவாக நடந்து என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், உங்களுக்கென்று நான் போட்ட கதிரை அங்கே காலியாக இருக்கிறது. மூன்று வாரமாக நான் ஒருவரையும் அதில் இருக்க விடவில்லை."

"நான் ஒரு பிழை செய்துவிட்டேன்" என்றேன்.

"தெரியும். இங்கே எல்லோருக்கும் தெரியும்" என்றார் அமைதியாக. "அதற்கு ஏன் மரத்தோடு நிற்க வேண்டும்? வாருங்கள்."

போய் உட்கார்ந்தேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. ஆட்டம் நடந்தது. எங்கள் குழு மூன்று ஓட்டம் முன்னால் நின்றது. கடைசிச் சுற்று வந்தது. எதிர்க்குழுவில் இரண்டு பேரை வெளியேற்றியாகிவிட்டது. இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் ஆட்டம் முடிந்தது, வெற்றி. அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, உள்ளே நடந்து வந்தா. நேரே வட்டத்துக்குப் போய் அவள் முன்னால் கையை நீட்டினா. பந்தைத் தா என்று.

பிட்சரிடம் பந்தைக் கேட்டு வாங்கினால் அவளை வெளியே எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். பந்து சரியாக எறியாதவளைத்தான் அப்படி எடுப்பார்கள் என்றுதான் தெரியும். கதிரை பின்னால் விழ எழும்பினேன்.

"ஏன் இப்ப அவவை எடுக்கிறியள்? நல்லாத்தானே போடுறா! கடைசி நாளிலையும் அந்தப் பிள்ளையை இப்பிடி..." என்று தமிழில் கத்திக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தேன்.

பஸ்காரர் என் கோட்டின் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சிஸ்டர், இது தண்டனை இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு வெளியே வந்தால் அவள் எல்லோரோடும் கூட்டமாகத்தான் வருவாள். இப்போது வந்தால் தனியாக வருவாள். வட்டத்தில் இருந்து பெஞ்ச் வரைக்கும் இந்த நடை அவளுக்கு மட்டும். உட்காராதீர்கள். நில்லுங்கள். கை தட்டுங்கள்."

அவளுக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை போல. நீட்டிய கையையும் பயிற்சியாளரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விளங்கியது. பந்தை அந்தக் கையில் வைத்தாள். ஆனால் விரல்களை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பந்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். என் மகள் கம்பிக்கூட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். மற்றப் பெண்களும் வந்து ஒவ்வொருத்தியாய்த் தோளில் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவள் நடக்கத் தொடங்கினாள்.

முதலில் எங்கள் பக்கம்தான் கை தட்டியது. பிறகு எதிர்க்குழுவும் தங்கள் பெஞ்சைவிட்டு வெளியே வந்து வரிசையாய் நின்று தட்டியது. அடிக்க நின்ற பெண் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள். நடுவர் முகக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாதையில் சைக்கிளில் போன ஒருவர், யார் என்று தெரியாமலே காலை ஊன்றி நின்று தட்டினார். முப்பது நாற்பது அடி தூரம்தான். அவள் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல், நிலத்தைப் பார்த்து நடந்தாள். நடுவழியில் ஒருமுறை நின்று தலையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். என் கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். என்னை அறியாமல் நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அவளுக்குப் பதிலாய் வந்த புது பிட்சர் எறிந்த பந்துகளில் இரண்டு ஓட்டம் போய்விட்டது. பெஞ்சில் இருந்து இவள் எழும்பி நின்று, தன் நெஞ்சில் தட்டித் தட்டிக் காட்டினாள். பிறகு எப்படியோ ஒரு பந்து மேலே கிளம்பி, யாரோ பிடித்து, ஒரே ஓட்டத்தில் வென்றோம். அதை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து புல்லில் விரிப்புப் போட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். அவளைச் சுற்றி எப்போதும் ஆட்கள். நான் கதிரையை மடக்குவதும் விரிப்பதுமாய் நின்றேன். கடைசியில் அவளே ஒரு கடதாசிக் கோப்பையில் தேநீரோடு வந்து, என் பக்கத்தில் புல்லில் இருந்தாள்.

"பசியாறிட்டீங்களா ஆன்ட்டி?"

"பிள்ளை, அண்டைக்கு நான் செய்தது பிழை. உம்மைக் கேக்காமல், உமக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல்..."

"விடுங்க ஆன்ட்டி" என்றாள். பிறகு தேநீரைப் பார்த்தபடி சொன்னாள். "கோவம் இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். வேலை போனதிலிருந்து பாக்குற எல்லாரும் ஒரு ஐடியா சொன்னாங்க. அந்த லாயரைப் பாரு, கனடாவுக்கு அப்ளிகேஷன் போடு, யாரையாச்சும் கட்டிக்கோ. எல்லாம் நல்லதுக்குத்தான் லா, தெரியும். ஆனா நீ போறது எனக்குக் கஷ்டமா இருக்குன்னு ஒருத்தர்கூடச் சொல்லல. இன்னைக்கு அங்கேருந்து நடந்து வந்தப்பதான் அது எனக்குக் கேட்டுச்சு."

உண்மை அதுதான். ஜூலையில் அவள் விஷயத்தைச் சொன்ன நிமிடமே நான் யார் யாருக்கு போன் எடுக்கலாம் என்றுதான் யோசித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்று கேட்டால், நினைவில்லை.

"நீர் போறது எனக்குச் சரியான கவலையாக் கிடக்குது, பிள்ளை" என்றேன். "இனி ஞாயிற்றுக்கிழமையிலை நான் என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் தலையைச் சாய்த்துத் தேம்பினாள். நான் ஒரு யோசனையும் சொல்லவில்லை. வெயில் போய்க் குளிர் ஏறும்வரைக்கும் அப்படியே இருந்தோம். புதன்கிழமை மகளும் நானும் விமான நிலையத்துக்குப் போனோம். அங்கே பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்க வேண்டியதைக் கதைத்தாகிவிட்டது.

இப்போது அவள் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள், அங்கேயும் ஒரு குழுவில் எறிகிறாள். அவ்வப்போது மகளுக்கு வீடியோ வரும். திரும்பி வருவாளா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

நினைத்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன், நானும் எத்தனையோ இடத்தைவிட்டு வந்திருக்கிறேன். எல்லா நேரமும் பெட்டி, பத்திரம், டிக்கெட் என்று ஒரே பரபரப்பு. ஒல்லாந்தைவிட்டு வெளிக்கிட்ட அன்று பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து கண் கலங்கி நின்றா. நான் அவவிடம், வீட்டைப் பூட்டித் திறப்பை யாரிடம் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாசி மாதம் என்னோடு சமையலறையில் வேலை செய்கிற போலந்துப் பெண், குடும்பத்தோடு ஊருக்கே திரும்பப் போவதாகச் சொன்னாள். ஏன் போகிறாய், கவுன்சிலில் கேட்டாயா, வேறு ஷிப்ட் பார்க்கலாமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். கையைத் துடைத்துவிட்டு, "நீ இல்லாவிட்டால் எனக்கு இந்த இடம் வெறுமையாக இருக்கும்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் கையில் இருந்த தட்டத்தை வைத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் கொதித்ததை நிறுத்திவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊருக்கெல்லாம் வழி சொல்லியே பழகியவள் நான். ஒருத்தரை வழியனுப்புவது எப்படி என்று ஐம்பத்தாறு வயதில், ஒரு பந்து மைதானத்தில்தான் கற்றுக்கொண்டேன்.